மூல ஓலையும் மின்னணுப் படியும்

சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஓர் ஆவண வழக்கு இடம்பெறுகிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று சொல்லி ஒரு முதியவர் ஓலையைக் காட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் அதை வாங்கிப் படிக்கச் செய்கின்றனர். சாட்சிகளின் எழுத்தைச் சரிபார்க்கின்றனர். காப்பிலிருந்த வேறோர் ஓலையுடன் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிடுகின்றனர். அதன்பின்னரே தீர்ப்பு.

எழுதியவர் யார், உடனிருந்தவர் யார், இது மூலமா படியா என்னும் மூன்று கேள்விகளே அன்றைய விசாரணை. இன்றைய சட்டமும் இவற்றைத்தான் கேட்கிறது. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்தின்படி நியமிக்கப்படும் நோட்டரி, இரண்டாம் கேள்விக்கு விடையாக நிற்பவர். அவர் முன்னிலையில் எழுதப்பட்டு, அவரது சான்றும் பெற்ற அதிகாரப் பத்திரம் முறைப்படி எழுதப்பட்டதே என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்திருந்தது. முத்திரை மையில் இல்லை அதன் வலிமை. ஒரு மனிதர் நேரில் பார்த்தார் என்பதில் இருக்கிறது.

கணினி வந்தபோது முதலில் ஆட்டம் கண்டது மூன்றாம் கேள்வி. மின்னணுக் கோப்பில் மூலத்துக்கும் படிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குக் கையெழுத்தின் தகுதியைத் தந்தது. ஆயினும் உயில், அறக்கட்டளை, அதிகாரப் பத்திரம், அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் போன்றவற்றைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2022இல் அந்த வேலி சற்றே தளர்ந்தது: சொத்து ஒப்பந்தம் விலக்குப் பட்டியலிலிருந்து நீங்கியது, ரிசர்வ் வங்கி முதலிய அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள நிதி நிறுவனங்களுக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரம் மின்னணு வடிவிலும் செல்லும் என்றாயிற்று. உறவினருக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரமும் உயிலும் இன்னும் வேலிக்கு அப்பால்தான்.

மின்னணுப் படியை நீதிமன்றத்தில் வைப்பவர் உரிய சான்றிதழும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. 2020இல் அதை உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமம், அச்சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்கச் சொல்கிறது. கோப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண்ணெழுத்துச் சரம் அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். காப்பில் இருந்த வேறோர் ஓலையின் வேலையை இன்று இந்தச் சரம் செய்கிறது.

ஆனால் அது சொல்வது கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே. ஒப்பமிட்டவர் அறிந்து ஒப்பமிட்டாரா, அச்சத்தில் ஒப்பமிட்டாரா என்பதை அது அறியாது. அதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும். நோட்டரியிடம் சான்று பெற்ற தாளைக் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, தாளைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருப்போர் பலர். அவர்கள் கையில் இருப்பது படியோலை. மூலம் ஏன் இல்லை என்ற கேள்வி சபையில் எழும்போது விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. முதியவர் மூல ஓலையைத் தனியே வைத்திருந்தார். வழக்கு நின்றது அதனால்தான்.