மில்லர், வில்லியம் (1838–1923)

ஸ்காட்லாந்தின் தர்சோவில் பிறந்த திருச்சபைக் குரு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வர், கல்வியாளர். 1862இல் சென்னை வந்தார். ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய மிஷன் பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தெடுத்தார். பிற மிஷன்களும் கைகோத்தபின், 1877இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. மாணவர் விடுதிகளைத் தொடங்கினார். சென்னைச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

இவரது கல்லூரியில் மதம் மாறியோர் மிகச் சிலரே என்று மிஷன் வட்டாரங்களே குறை கூறின. உயர்கல்வியின் பணி உடனடி மதமாற்றமன்று, ஒரு சமூகத்தின் சிந்தனையைப் படிப்படியாகப் பண்படுத்துவதே என்பது மில்லரின் மறுமொழி. அவரை அளக்க இந்த அளவுகோலே பொருத்தமானது. 1901இல், அவர் வாழ்நாளிலேயே, சென்னையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. அதற்கு முன்னின்ற பழைய மாணவருள் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் மாறாதவர்களே குருவைப் போற்றினர் என்பது அவர் வாதத்துக்கு வலுவான சான்று. ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையும் 1896இல் அவரைத் தன் தலைவராக்கியது. எனினும், இக்கல்வியால் பெரும்பயன் பெற்றோர் மேல்சாதியினரே என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. சிலை காட்டுவது அந்த வட்டத்தின் நன்றியைத்தான். மில்லர் 1907இல் தாயகம் திரும்பினார்.