ஏற்காட்டுக்கு வந்த பாதிரியார் – அத்தியாயம் 4: மகாலிங்கையர் தீர்ப்பு

1848. சென்னையில் தமிழறிஞர் மழவை மகாலிங்கையர் முன்னே விவிலியக் கையெழுத்துப் பிரதி விரிந்து கிடந்தது. பேர்சிவல் பாதிரியாரும் அவருடைய தமிழாசிரியர் ஆறுமுகமும் காத்திருந்தார்கள். சென்ற வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம்.

ஐயர் ஒரு குறையும் சொல்லவில்லை. பிழையற்ற நல்ல தமிழ் என்று ஏற்றுக்கொண்டார்.

1826இல் மெதடிஸ்த மிஷனரியாக யாழ்ப்பாணத்தில் இறங்கிய பேர்சிவலுக்கு அது வாழ்நாள் வெற்றி. ஆங்கிலப் பள்ளி நடத்தினார். அதில் படித்த சைவப் பிள்ளையான ஆறுமுகத்தையே தமக்குத் துணையாக வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கினார். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊர் திரும்பிய கையோடு ஆறுமுகம் வேலையை உதறினார். வண்ணார்பண்ணையில் அவருடைய சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. மறு ஆண்டே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. மிஷன் பள்ளியில் பழகிய பிரசங்க முறையை அவர் இப்போது பாதிரிமாருக்கு எதிராகவே எடுத்தார்.

1850இல் விவிலியம் அச்சேறியது. மகாலிங்கையர் மெச்சிய அந்தத் தமிழைத் தமிழ்நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. ஆறுமுகம் பிரிந்ததற்குப் பின் பேர்சிவலுக்கு இது இரண்டாவது அடி.

பின்பு அவர் மெதடிஸ்த மிஷனை விட்டு ஆங்கிலிகன் சபைக்கு மாறினார். சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரிப் பேராசிரியரானார். பிரசங்க மேடையிலிருந்து பத்திரிகைக்கும் அகராதிக்கும் அவர் கை போனது. முன்பு யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பை வளர்த்துக்கொண்டே போனார். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள்! சபைகள் தள்ளிய விவிலியத்தைவிட, குடியானவனும் கிழவியும் பேசிய இந்தத் தமிழே அவருடைய பெரும்பணி என்பேன்.

காபித் தோட்டங்கள் சூழ்ந்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1882 ஜூலை 11 அன்று அவர் உயிர் பிரிந்தது. 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன். மாமனார் கண்மூடிய அதே ஏற்காட்டில்தான் அவரும் பின்னாளில் குடியிருந்தார். அந்தக் கதைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

இப்போது 1855க்குத் திரும்புவோம். சென்னையில் 'தினவர்த்தமானி' வாரப் பத்திரிகை தொடங்குகிறது. அதற்கு நல்ல தமிழ் எழுதும் ஓர் ஆசிரியர் வேண்டும். நம்பிய ஆறுமுகம் தம்மை விட்டுப் பிரிந்த யாழ்ப்பாணத்திலேயே பேர்சிவல் மறுபடியும் ஆள் தேடுகிறார். அழைப்பைப் பெற்றவர் இருபது வயதைச் சற்றே தாண்டிய ஓர் இளைஞர். பிற்காலத்தில் கலித்தொகையை அச்சில் ஏற்றப் போகிறவர்.

யார் அவர்?

(அடுத்த வாரம்)