ஒகாஃபோர் என்றொரு சந்தை நாள்

வெளிநாட்டில் வேலை பார்த்த பழைய மாணவர்கள் அந்தந்த நாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்பது மலர்க் குழுவினரின் கட்டளை. ஆப்பிரிக்கா என்றதும் சிங்கம், யானையை எதிர்பார்க்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். நான் இருந்த இடத்தில் ஆடும் கோழியும்தான் அதிகம். அதனால் ஒரு பெயரின் சரித்திரத்தை எழுதுகிறேன்.

1970களின் கடைசியில் நைஜீரியப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போனோம். எனக்குக் கிடைத்தது கிழக்கே, இக்போ மக்கள் வாழும் பகுதியில் ஆவ்கா நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே வகுப்பில் நான்கு ஒகாஃபோர், மூன்று ஒகேகே, இரண்டு ஒகோங்க்வோ. "ஒகாஃபோர்" என்று கூப்பிட்டால் நான்கு பையன்கள் எழுந்து நிற்பார்கள். பங்காளிகளா என்று விசாரித்தால், ஒருவனுக்கு ஒருவன் எந்த உறவும் கிடையாது. சரித்திர ஆசிரியராக இருந்த இக்போ நண்பர்தான் விளக்கினார்: "சார், அது வம்சத்தோட பேர் இல்ல. கிழமையோட பேர்."

இக்போ மக்களின் வாரத்துக்கு நான்கே நாள். எகே, ஓரியே, ஆஃபோ, என்க்வோ. ஏழு வாரம் சேர்ந்தால் 28 நாள், ஒரு மாதம். 13 மாதத்துக்கு 364 நாள். அதோடு ஒரு நாளைக் கூட்டி வருடத்தை நேர்செய்வார்கள். கணக்கு ஆசிரியனான எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நாம் 30, 31, 28 என்று விரல் முட்டியை எண்ணிக்கொண்டு இருக்கிறோம்!

இந்த நான்கும் சந்தை நாட்கள். ஒவ்வொரு ஊருக்கும் இவற்றில் ஒன்று சந்தை கூடும் நாள். அந்த நாளின் பெயரே சந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும். நேவி நகரின் பெரிய சந்தை என்க்வோ நேவி; ஆவ்காவில் இருப்பது எகே ஆவ்கா. பக்கத்து ஊர்கள் வேறு வேறு நாளில் சந்தை கூட்டுவதால், கிழங்கும் பனை எண்ணெயும் விற்கிறவர்கள் ஊர் ஊராகச் சுற்றி வரலாம். இந்த நாட்களுக்குத் தெய்வ அம்சமும் உண்டு. வானத்திலிருந்து நால்வர் மீன் கூடைகளோடு இங்ரி என்ற புனித ஊருக்கு வந்தார்கள், பெயரைச் சொல்ல மறுத்தார்கள், தந்திரமாக அவர்கள் பெயர்களைக் கண்டுபிடித்தபின் அவையே நாட்களின் பெயர்கள் ஆயின என்று ஒரு கதை சொல்வார்கள்.

பிறந்த நாளை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் இடுவது அங்கே பழைய வழக்கம். ஆஃபோ நாளில் பிறந்த ஆண் ஒகாஃபோர். எகேயில் பிறந்தால் ஒகேகே, ஓரியேயில் பிறந்தால் ஒகோரியே, என்க்வோவில் பிறந்தால் ஒகோங்க்வோ. முன்பாதிக்கு 'ஓகே', அதாவது ஆண், என்பார்கள் சிலர். 'ஒகோரோ', அதாவது இளைஞன், என்பதன் தேய்வு என்பார்கள் வேறு சிலர். ஒகோராஃபோர் என்ற நீண்ட வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. 'பிள்ளை' என்று பொருள்படும் சொல்லை முன்னால் சேர்த்தால் இன்வாஃபோர், இன்வாங்க்வோ. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்குக் கால்பந்துத் தங்கம் வாங்கித் தந்த அணியின் தலைவர் இன்வாங்க்வோ கானு, பெயர்ப்படி என்க்வோ நாளின் பிள்ளை.

இன்னொரு வேடிக்கை: ஒகாஃபோர் என்பதன் கடைசி 'ர்' இக்போ நாக்கில் இல்லை. அவர்கள் சொல்வது 'ஒகாஃபோ' மாதிரிதான் காதில் விழும். வாயை அகலத் திறந்து சொல்லும் அந்த 'ஓ'வைக் காட்ட ஆங்கில எழுத்துமுறை ஒரு 'ஆர்'ரைச் சேர்த்துக்கொண்டது. தஞ்சாவூரை டான்ஜோர் ஆக்கியவர்களின் கைவேலை என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, நாள் பெயர் குடும்பப் பெயரானது எப்படி? பழைய நாளில் இக்போ மக்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. நம் ஊர் இனிஷியல் மாதிரி, இன்னாருடைய மகன் இன்னார், அவ்வளவுதான். தலைமுறை மாறினால் தகப்பன் பெயரும் மாறும். 1857-இல் ஒனிட்சாவில் ஆங்கிலேயரின் சர்ச் மிஷன் சங்கம் வந்தது. 1885-இல் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் வந்தார்கள். பின்னாலேயே பிரிட்டிஷ் ஆட்சி. ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிப் பதிவேடு, வரிப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் இரண்டாவது பெயருக்கு ஒரு கட்டம். பையனுக்கு ஞானஸ்நானத்தில் ஜான் என்றோ பீட்டர் என்றோ பெயர் வைத்தாயிற்று. கட்டத்தை நிரப்ப "அப்பா பேர் என்ன?" என்று கேட்டார்கள். அப்பா ஞானஸ்நானம் பெறாதவர், ஒகாஃபோர். பையன் ஜான் ஒகாஃபோர் ஆனான். அவன் மகன் பள்ளிக்குப் போனபோது ஜான் இரண்டாம் பெயராக வரவில்லை, ஒகாஃபோரே வந்தது. அன்றோடு அந்தப் பெயர் உறைந்துவிட்டது.

இதைக் கண்ணாடி மாதிரி காட்டுவது சினுவா அச்சிபியின் நாவல்கள். 1958-இல் வந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலின் நாயகன் ஒகோங்க்வோ. அவன் தகப்பன் உனோகா. உனோகாவின் பெயரை மகன் குடும்பப் பெயராகச் சுமக்கவில்லை. ஒகோங்க்வோவின் மகன் இன்வோயே கிறிஸ்தவனாகி ஐசக் ஆகிறான். 1960-இல் வந்த 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில் அந்த ஐசக்கின் மகன், லண்டனில் படித்துத் திரும்பிய அரசு அதிகாரி, ஓபி ஒகோங்க்வோ. மிஷனரிகளைக் கடைசிவரை எதிர்த்த தாத்தாவின் பெயர், மிஷன் பதிவேட்டின் தயவால் பேரனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது! அச்சிபி இதை விளக்கவில்லை. விளக்க அவசியமும் இல்லை. அவர் தலைமுறையில் வீட்டுக்கு வீடு நடந்த கதை.

பெயர் இவ்வளவு பெருகியதற்கும் காரணம் இதுதான். நாட்கள் நான்கே. பதிவேடு வந்த தலைமுறையில் எண்ணற்ற தகப்பன்மார்களுக்கு நாள் பெயர். ஒரு ஊரில் உறவே இல்லாத பத்து ஒகாஃபோர் இருந்தால், பத்துப் பேரும் பத்துக் குடும்பத்துக்கு மூலபுருஷர் ஆனார்கள். அதனால் இரண்டு ஒகாஃபோர் குடும்பம் சம்பந்தம் பேசினால் பெயரை யாரும் பார்ப்பதில்லை. "எந்த ஊர்? எந்தக் கிளை?" என்றுதான் கேட்பார்கள். ஒரே தந்தைவழிக் கிளைக்குள் கல்யாணம் கூடாது. பெயர் ஒன்றாயிருப்பது தடையே அல்ல.

இதற்கு நேர்மாறாக, பிள்ளைக்கு இடும் பெயராக ஒகாஃபோர் அருகிவிட்டது. சுக்வு, அதாவது கடவுள், என்று தொடங்கும் பெயர்கள் அந்த இடத்துக்கு வந்தன. 1982-இல் ஹூஸ்டனில் பிறந்து அமெரிக்கக் கூடைப்பந்தில் பேர் வாங்கிய எமேக்கா ஒகாஃபோரின் முழுப்பெயர் சுக்வுஎமேக்கா. கடவுள் பெரிய காரியம் செய்தார் என்று பொருள். 'மிஸ்டர் இபு' என்று நைஜீரியாவையே சிரிக்க வைத்து 2024-இல் மறைந்த நடிகரின் பெயரோ ஜான் ஒகாஃபோர். பதிவேட்டுக் கட்டம் அப்படியே இருக்கிறது பாருங்கள். சில சபைகளில் இந்த நாட்கள் அந்நிய தெய்வங்கள் என்று சொல்லிப் பெயரையே மாற்றிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. பாட்டன் பிறந்த ஒரு நாளைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது என்று சரித்திர நண்பர் கோபப்படுவார். நானும் அவர் கட்சிதான்.

பெயர் பிடுங்கப்பட்ட வேதனை அந்த மக்களுக்குப் புதிதல்ல. தன்னை இக்போ நாட்டில் பிறந்தவன் என்று எழுதிய ஒலவுடா எக்வியானோவை அடிமையாக வாங்கிய கப்பல் அதிகாரி குஸ்டாவஸ் வாசா என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயருக்கு மறுத்தபோது அடி விழுந்ததாக 1789-இல் வெளியான சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிறகு, பிடிபட்ட கப்பல்களிலிருந்து ஃப்ரீடவுனில் இறக்கப்பட்டவர்களின் சொந்தப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். யார் எந்த மொழிக்காரர் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிய அந்தப் பெயர்களே இன்று உதவுகின்றன.

பெண்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். ஆஃபோ நாளில் பிறந்த பெண் எம்பாஃபோர். எகேயில் பிறந்தவள் எம்பேகே, என்க்வோவில் பிறந்தவள் எம்போங்க்வோ. பதிவேடு கேட்டது அப்பா பெயரை மட்டும்; அதனால் இவை எதுவும் குடும்பப் பெயர் ஆகவில்லை. எம்பேகே என்பது இன்று நகரத்து இளைஞர்கள் வாயில் பட்டிக்காட்டுப் பெண்ணைக் கேலி செய்யும் சொல். 'பிண்டி' என்ற கதைக்காக 2016-இல் ஹியூகோ பரிசு வாங்கிய நெடி ஒகோராஃபோர் ஒரு பெண்மணி. அவர் பெயரில் இருப்பதும் ஆஃபோ நாளில் பிறந்த ஓர் ஆண்தான். என் வகுப்பில் இருந்த நான்கு ஒகாஃபோர்களிடம் ஒருநாள் பாட்டிமார் பெயரைக் கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது, இரண்டுமே எம்பாஃபோர்.