வன்னி மண்ணும் வெறுங்காலும்: பாதப் பராமரிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்துள்ள விவசாயக் கிராமம் உடையார்கட்டு. குளமும் குளத்தின்கீழ் வயலும் வயலைச் சூழ்ந்த காடும் என்னும் வன்னிக் கிராமத்தின் பொதுவான அமைப்பினை அங்கும் காணலாம். அத்தகைய கிராமத்தில் வாழ்க்கை பெரிதும் காலினாலேயே நடைபெறுகிறது. சேற்றில் இறங்காது நாற்று நட இயலாது. வரப்பில் நடக்காது நீர் கட்ட இயலாது. காட்டினுள் புகாது விறகும் தேனும் கிடையா. எனினும் வன்னியின் வரலாற்றை எழுதியோர் வன்னிமைகளையும் குளங்களையும் குடியேற்றங்களையும் ஆராய்ந்த அளவுக்கு, அவை அனைத்தையும் தாங்கிய பாதத்தினை ஆராய்ந்தாரல்லர்.

பாதப் பராமரிப்பு என்றவுடன் அது மேலைநாட்டில் வசதி படைத்தோர்க்குரிய ஓர் ஒப்பனைத் துறை என்னும் எண்ணம் பலரிடத்தும் உண்டு. இவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளரின் கால்களைக் காத்துவரும் முறைகளுட் சில, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏழை மக்களின் வெறுங்கால்களைக் கொண்டே கற்கப்பட்டவை. அவ்வறிவு மேலைத்தேயம் சென்று வளம்பெற்றது. அது பிறந்த மண்ணின் கிராமங்களுக்குப் போதிய அளவு மீண்டுவந்ததா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னி, காய்ச்சலுக்கும் பறங்கி நோய்க்கும் பெயர்பெற்ற நிலமாக இருந்தது. குளங்கள் தூர்ந்தும் மக்கள் அருகியும் கிடந்த அக்காலத்தில், ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகளில் இவ்விரு நோய்களும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. பறங்கி நோய் உடலெங்கும் புண்களை உண்டாக்குவது. உள்ளங்காலையும் அது விட்டுவைப்பதில்லை. பாதத்தோல் தடித்து வெடித்து, நிலத்தில் முழுப்பாதமும் பதிக்கவியலாத நிலையில், நோயாளர் பாதத்தின் ஓரத்தால் நண்டுபோல் நடக்கவேண்டியவராயினர். 1881ஆம் ஆண்டில் இலங்கையின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாக விளங்கிய கின்சி இந்நோய் குறித்து விரிவானதோர் அறிக்கை அளித்தார். கெட்ட நீரும் போதாத உணவும் காரணங்களாகக் கருதப்பட்டன. நாட்டு வைத்தியர் பறங்கிப்பட்டையைக் கொண்டு மருந்து செய்தனர். மருந்தின் பெயரே நோயின் பரவலுக்குச் சான்றாகும். 1905இல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்தெல்லானி, இந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிரை நோயாளரின் புண்களிலேயே கண்டறிந்தார். பின்னர் பெனிசிலின் வந்தபோது, ஒரே ஊசியால் நோய் தீரும் நிலை ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாக மக்களை முடமாக்கிய பாதநோய் ஒன்று, காரணம் அறியப்பட்டதும் அகற்றப்படக்கூடியதாயிற்று என்பது வன்னி வரலாறு தரும் முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடம் கொழுக்கிப்புழுவினாற் கிடைத்தது. இப்புழுவின் குடம்பிகள் ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுவன. எகிப்தில் ஆய்வு நிகழ்த்திய ஜெர்மானிய அறிஞர் லூஸ், குடம்பிகள் கலந்த நீர் தமது கையிற் சிந்தி அரிப்பெடுத்ததைக் கொண்டே இவ்வுண்மையை உணர்ந்தார். இலங்கையில் மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருந்தமையால், 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை வெறுங்காலுடன் நடந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அத்தோட்டத் தமிழருட் பலர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களின் பின்னர் வன்னியிற் குடியேறினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மலசலகூடமும் காலணியும் மருந்தோடு சேர்ந்தாலன்றி இந்நோய் ஒழியாது என்பது அப்பணியினால் தெளிவாயிற்று. நோயாளிக்கு மருந்து கொடுத்து, அவர் நடக்கும் நிலத்தை அவ்வாறே விட்டுவிடுவது பயனற்றது.

இவை பெருநோய்கள். நாளாந்த வாழ்விற் பாதத்தைத் துன்புறுத்தும் சிறு குறைகளைத் தமிழ் மக்கள் நன்கு அறிந்து பெயரிட்டுள்ளனர். அழுத்தத்தாற் தோல் தடித்து உள்நோக்கி ஆணிபோல் இறங்குவது காலாணி. வறட்சியாற் குதிக்கால் பிளப்பது பித்தவெடிப்பு. ஈரத்தில் ஊறி விரலிடுக்கு வெந்து அரிப்பது சேற்றுப்புண். நகவோரம் சீழ்கொள்வது நகச்சுற்று. சேற்றுப்புண்ணுக்கும் வெடிப்புக்கும் மருதோன்றியையும் மஞ்சளையும் அரைத்துப் பூசுதல் வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், சத்திரசிகிச்சை நூலொன்றை ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் தமிழில் வெளியிட்டார். புண்ணுக்குரிய மேலை மருத்துவ அறிவைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்பதற்கு அந்நூல் நல்லதொரு சான்றாகும்.

மேலைநாட்டில் காலாணி நீக்குதலும் நகம் திருத்துதலும் நெடுங்காலம் மருத்துவத்தின் புறத்தே நின்ற கைத்தொழிலாகவே இருந்தன. 1895இல் நியூயோர்க்கில் இத்தொழிலாளர் சங்கம் அமைத்தனர். 1911இல் அந்நகரில் இதற்கெனக் கல்லூரியொன்று தோன்றியது. பாதவியல் தனித்துறையாக வளர்ந்த வரலாறு இது. ஆயின் அத்துறைக்கு ஆழமான அறிவியல் அடிப்படை ஒன்றினை வழங்கியது வேறொரு நோய், அதுவே தொழுநோய்.

தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே பன்னெடுங்கால நம்பிக்கை. தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த சத்திரசிகிச்சை வல்லுநர் போல் பிராண்ட் இந்நம்பிக்கையை மறுத்தார். நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு கெட்டதும் வலி மறைகிறது. வலி மறைந்த கையும் காலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதனவாகின்றன. முள் தைத்தாலும் தெரிவதில்லை. அனற்கரி மிதித்தாலும் தெரிவதில்லை. சில நோயாளரின் விரல்கள் ஓரிரவிற் குறைந்துபோன காரணத்தை ஆராய்ந்தபோது, அவர்கள் உறங்குகையில் எலிகள் கடித்தமை வெளிப்பட்டது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனையொன்றையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. வலி பகையன்று, காவலன் என்னும் உண்மை இவ்வாறு நிறுவப்பட்டது.

காரணம் இதுவாயின், காப்பும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். பாதப்புண் ஆறாமைக்குக் காரணம் தசையின் கேடன்று. புண்ணின்மீதே நோயாளர் இடையறாது நடப்பதுதான். ஆதலின் புண்ணின்மீது விழும் பாரத்தை அகற்றினால் அது ஆறும். 1930களில் இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோயாளரின் பாதப்புண்களுக்குப் பரிசுச்சாந்துக் கட்டு இட்டு, அக்கட்டுடனேயே அவர்களை நடமாடவிடும் முறை கையாளப்பட்டது. இலங்கையில் இம்முறையுடன் இணைத்துப் பேசப்படுபவர் மில்றோய் போல் ஆவார்; கொழும்பில் சத்திரசிகிச்சைத் துறையின் முதலாவது பேராசிரியராக விளங்கியவர் அவர். பாதத்தோடும் கெண்டைக்காலோடும் இடைவெளியின்றிப் பொருந்தும் அக்கட்டு, உடலின் பாரத்தை ஓரிடத்தில் குவியவிடாது காலெங்கும் பரப்புகிறது. நோயாளர் படுக்கையிற் கிடக்கவேண்டியதில்லை. நடந்துகொண்டே புண் ஆறுகிறது. நாட்கூலிக்கு உழைப்போர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

புண் ஆறியபின் அது மீண்டும் தோன்றாமற் காப்பது அடுத்த பணி. வேலூரிலும், அதனருகே கரிகிரியில் 1955இல் அமைந்த தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் நுண்குமிழ் இறப்பரால் மிதியடிகள் ஆக்கப்பட்டன. மென்மையும் உறுதியும் சேர்ந்த அவ்விறப்பர், மேடான எலும்பின்கீழ் அமிழ்ந்து கொடுத்துப் பாரத்தைப் பரப்பியது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மெல்லிய அழுத்தமே ஆயினும் ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை விழுமாயின், தோல் முதலிற் சூடேறி, பின் வீங்கி, முடிவிற் புண்ணாகிறது என்பதை அங்கு ஆய்வுகளால் மெய்ப்பித்தார். நீரிழிவினால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே நியதி பொருந்துவதைக் கண்டார். இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோயாளருக்கு இட்ட கட்டும் மிதியடியும் அமெரிக்க நீரிழிவு நோயாளரைச் சென்றடைந்தன. இன்று அக்கட்டு, நீரிழிவுப் பாதப்புண்ணுக்குரிய சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றென உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது.

மீண்டும் உடையார்கட்டை நோக்குவோம். 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்தினுள் அக்கிராமமும் அடங்கியிருந்தது. இடம்பெயர்ந்து அங்குக் குவிந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. பலர் மடிந்தனர், பலர் உறுப்பிழந்தனர். அதற்கு முன்னரும் பின்னரும் மிதிவெடிகள் வன்னியிற் கால்களைக் கொண்டுசென்றன. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017இலேயாகும். இழந்த காலுக்கு மாற்றாக வன்னி மக்கள் அறிந்தது ஜெய்ப்பூர்க் கால். 1968 அளவில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் ஆக்கிய இவ்விறப்பர்ப் பாதம், காலணியின்றி நடக்கவும் குந்தியிருக்கவும் வயற்சேற்றில் இறங்கவும் ஏற்றது. கதிரையில் அமர்ந்து சப்பாத்தணிந்து வாழ்வோர்க்கென ஆக்கப்பட்ட மேலைநாட்டுச் செயற்கைக் கால், நிலத்தில் அமர்ந்து உண்ணும் மக்களுக்குப் பொருந்தவில்லை, இது பொருந்தியது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. ஈண்டும் வெறுங்கால் வாழ்வை அறிந்தோரே அதற்கேற்ற விடையைக் கண்டனர்.

செயற்கைக் கால் பெற்றதோடு பாதத்தின் கதை முடிவதில்லை. ஒரு காலை இழந்தோர்க்கு எஞ்சிய கால் இருமடங்கு அருமையுடையது. அதுவே கூடுதற் பாரத்தைத் தாங்குகிறது. போரில் இளைஞராய்க் காலிழந்தோர் இன்று நடுவயதை எட்டியுள்ளனர். நீரிழிவு தலைகாட்டும் வயது அதுவே. சலரோகம் எனப் பேச்சு வழக்கிற் கூறப்படும் அந்நோய் இன்று நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு காரணமாகத் துண்டிக்கப்படும் கால்களில், நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்தில் அதற்கு முன் பாதப்புண் ஒன்று இருந்திருக்கிறது. எனவே மிதிவெடிக்குத் தப்பிய காலைச் சிறு கொப்புளத்துக்குப் பறிகொடுக்கும் அவலம் நேரக்கூடும். இவ்வவலம் தடுக்கக்கூடியது என்பதே முக்கியம்.

தடுக்கும் வழிகள் எளியவை. உணர்வு குன்றிய இடத்தை அறிய, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்று போதும். கண்ணை மூடியிருக்கும் நோயாளரின் உள்ளங்காலில் அதனைத் தொடுவித்து, உணர்கின்றாரா என வினவுதல் சில நிமிட வேலையே. உணர்வு குன்றியவர் நாள்தோறும் மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்த்தல் வேண்டும். பார்வை மங்கியோர்க்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். வயலால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்தல் வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாது முழங்கையால் அறிதல் வேண்டும். நகத்தை நேராக வெட்டுதலும், காலாணியைச் சவர அலகாற் செதுக்காமையும், அதனைக் கரைக்கும் மருந்தைத் தாமாக இடாமையும் இன்றியமையாதன. காலணியை அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிக் கல்லோ முள்ளோ உண்டா எனப் பார்த்தல் நன்று. இறப்பர்ச் செருப்பு உணர்விழந்த காலிலிருந்து அறியாமலே கழன்றுவிடும். ஆதலின் பின்வாருள்ள மிதியடியே தக்கது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கும், கதிர்காமப் பாதயாத்திரைக்கும் வெறுங்காலுடன் செல்வது வன்னி மக்களின் வழிபாட்டு மரபு. அம்மரபை இகழ்வதற்கு இடமில்லை. உணர்வு குன்றிய பாதத்தினர் சுடுமணலில் நடப்பதால் விளையும் கேட்டை மருத்துவத் தாதியரும் கோயிலார்களும் ஒருங்கே எடுத்துரைப்பாராயின், பக்தியும் பாதமும் ஒருசேரக் காக்கப்படும்.

இவற்றிற்குப் பெரும் மருத்துவமனை தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவரும் ஓர் இழையும் ஒரு கண்ணாடியும் தேவை. பாதவியல் வல்லுநரை வன்னிக் கிராமத்திற் காண்பது அரிது. ஆயின் கிராமத்தின் மருத்துவ மாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் செயற்கைக்கால் நிலையத்தாரும் இவ்வறிவைப் பெறுதல் அரிதன்று. பறங்கி நோயின் காரணம் கொழும்பில் அறியப்பட்டு வன்னியின் புண்கள் ஆறின. பாதப்புண்ணுக்குரிய கட்டு இந்நாட்டிலும் கையாளப்பட்டு உலகம் பயன்கொண்டது. அவ்வறிவைத் தமிழில் எழுதி, கிராமந்தோறும் எடுத்துச் செல்லும் கடப்பாடு பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் தமிழும் பயில்வோர்க்கு உண்டு. கிறீன் தம் காலத்திற் செய்த பணி அது. உடையார்கட்டு உழவனின் கால் அதனை இன்றும் வேண்டி நிற்கிறது.