பல மோட்டார் மாதிரிப் படகுகள்: ரேடியோ கருவித் தேர்வு

இரட்டை மோட்டார் மாதிரிப் படகுக்கு ரேடியோ கருவி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது சேனல்களின் எண்ணிக்கையை அல்ல, மிக்சிங் வசதியை. இழுவைப்படகு நின்ற இடத்திலேயே திரும்ப ஒரு புரொப்பல்லர் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் தள்ள வேண்டும். சுக்கானோ தன்மேல் நீர் பாய்ந்தால்தான் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வேகக் கட்டுப்படுத்தி வைத்து, சுக்கான் குச்சியின் அசைவை டிரான்ஸ்மிட்டரே இரு திராட்டில் சேனல்களிலும் கலந்தனுப்புவது நல்லது. ஒரே கட்டுப்படுத்தியில் இரண்டு மோட்டார்களையும் இணைத்தால் செலவு குறையும் என்பர். பிரஷ் மோட்டார்களுடன் நேராக ஓடும் படகுக்கு அது சரி, இரண்டின் மின்னோட்டத்தையும் சேர்த்துத் தாங்குமானால்; பிரஷ்லெஸ் மோட்டார்களுக்குத் தனித்தனிக் கட்டுப்படுத்தி கட்டாயம். அப்போது ரிசீவருக்கு மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியை ஒன்றில் மட்டும் விட்டு, மற்றதில் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.