1,000 கோடி வருஷமா வளராத கேலக்ஸி! #என்ஜிசி1277

நம்ம பால்வெளியில் இப்பவும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு புது நட்சத்திரங்கள் பிறந்துகிட்டே இருக்கு. ஆனா, பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தில் இருக்கும் என்.ஜி.சி 1277, சுமார் 1,000 கோடி வருஷத்துக்கு முன்னாடியே அந்த வேலையை நிறுத்திடுச்சு. பூமியிலிருந்து ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்த கேலக்ஸியைப் பற்றி தெரிஞ்சுக்கலாமா?

அதென்ன லென்ஸ் வடிவம்?

பால்வெளி மாதிரி சுருள் கைகள் கொண்டவை ஒரு ரகம். முட்டை போல இருக்கும் நீள்வட்ட கேலக்ஸிகள் இன்னொரு ரகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் 'லெண்டிகுலர்'. நடுவில் புடைப்பு, சுற்றி தட்டு இருக்கும். சுருள் கைகள் இருக்காது. புது நட்சத்திரம் உருவாகத் தேவையான வாயுவும் ரொம்பக் குறைவு.

ஏன் வளரலை?

ஆரம்பத்தில் இது பால்வெளியைவிட 1,000 மடங்கு வேகத்தில் நட்சத்திரங்களை உருவாக்கியது. பால்வெளியைப்போல இரண்டு மடங்கு நட்சத்திரங்கள், ஆனா அளவு நாலில் ஒரு பங்குதான்! பொதுவா கேலக்ஸிகள் சின்ன கேலக்ஸிகளை விழுங்கித்தான் பெருசாகும். இது மணிக்கு சுமார் 32 லட்சம் கி.மீ வேகத்தில் கூட்டத்துக்குள்ளே பறப்பதால், யாரோடும் சேர முடியலை. 2018-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படங்களே இதுக்கு சாட்சி. விழுங்கப்பட்ட சின்ன கேலக்ஸிகளிலிருந்து வரும் நீல நிற நட்சத்திரக் கொத்துகள் இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ராட்சத கருந்துளை

2012-ல் இதன் மையக் கருந்துளையின் நிறை 1,700 கோடி சூரியன்களுக்குச் சமம்னு அறிவிச்சாங்க. பிறகு வந்த ஆய்வுகள் அதை 500 கோடிக்கும், இன்னும் கீழேயும் இறக்கின. அப்பவும் இந்தச் சின்ன உடம்புக்கு அது பெருசுதான்.

காணாமல்போன கரும்பொருள்

கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பு விசையால் மட்டுமே உணரப்படும் 'டார்க் மேட்டர்' எனும் கரும்பொருள் எல்லா பெரிய கேலக்ஸியிலும் இருக்கணும். இவ்வளவு நிறையுள்ள கேலக்ஸியில் 10 முதல் 70 சதவிகிதம் வரை எதிர்பார்த்தாங்க. ஆனா, 2023-ல் வெளியான ஆய்வில், மையத்திலிருந்து 20,000 ஒளியாண்டுக்குள் 5 சதவிகிதத்துக்கும் குறைவுன்னு வந்தது. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்!

கூட்டத்தில் சுற்றியிருப்பவற்றின் ஈர்ப்பு விசைத் தாக்கத்தால் பறிபோயிருக்கலாம், உருவாகும்போதே வெளியேறியிருக்கலாம்னு இரண்டு விளக்கங்கள் சொல்றாங்க. ஆய்வாளர்களுக்கு இரண்டிலுமே முழுத் திருப்தி இல்லை.

"அப்போ டார்க் மேட்டரே பொய்யா?"ன்னு கேட்கத் தோணும். உண்மையில் நேர்மாறு! 'கரும்பொருள்னு எதுவும் கிடையாது, ஈர்ப்பு விதியைத்தான் மாத்தணும்'னு ஒரு தரப்பு சொல்லுது. விதி மாறினா எல்லா கேலக்ஸிக்கும் மாறணும். ஒண்ணுக்கு மட்டும் விலக்கு கிடைக்காது. ஒரு கேலக்ஸி தொலைக்க முடியும்னா, அது நிஜமாவே ஒரு பொருளாத்தானே இருக்கணும்?