சுவரில் கிறுக்கும் பிள்ளைகள்

பிள்ளைகள் சுவரில் கிறுக்குவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். அதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் வைத்தியமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: முதுகில் இரண்டு வைப்பது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் சில பிள்ளைகள் சுவரைப் பாழாக்கப் போக, குழந்தையின் மனத்தைப் பற்றி உலகம் கொண்டிருந்த அபிப்பிராயமே மாறிப் போயிற்று. அந்தக் கதையின் பிற்பகுதி நம் சென்னையிலே நடந்தது என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

நான் குடியிருப்பது வடசென்னையில், எம்.கே.பி. நகரில். மகாகவி பாரதி நகர் என்பது முழுப் பெயர். அவ்வளவு நீளமாகச் சொல்லப் பஸ் கண்டக்டருக்கு நேரமில்லை. வீட்டு வசதி வாரியத்துக் குடியிருப்பு. அக்கம்பக்கத்தில் வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, பெரம்பூர். பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆலைதான் போயிற்றே தவிர, விடியலில் வேலைக்குப் புறப்படுகிற ஜனங்கள் போய்விடவில்லை. துறைமுகம், கிடங்கு, பட்டறை, வீட்டு வேலை என்று தாயும் தகப்பனும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். பிறகு மாடிப்படிகள் பிள்ளைகளின் ராஜ்யம். எங்கள் மாடிப்படிச் சுவரைப் பார்த்தால், கரித்துண்டு கிடைத்த எந்தப் பிள்ளையும் சும்மா இருந்ததில்லை என்று தெரியும். ஆகவே ரோமாபுரிக் கதையைப் படித்தபோது, அது எங்கள் பேட்டைக் கதையாகவே எனக்குப் பட்டது.

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளிகள் வசித்த பேட்டை. அங்கே ஒரு கட்டடக் கம்பெனி பழைய அடுக்கு வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும், பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் கும்மாளமிட்டுப் புதுச் சுவர்களைப் பாழாக்கின. கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுவர்களை ஓயாமல் பழுது பார்ப்பதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவது லாபம் என்று பட்டது. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி 'குழந்தைகள் இல்லம்' திறந்தது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பள்ளி இப்படி ஒரு சுண்ணாம்புக் கணக்கிலிருந்து பிறந்தது! அதன் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் மரியா மாண்டிசோரி. 1896-இல் ரோம் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்ற அம்மையார்.

அதற்குச் சில வருஷங்கள் முன்பு, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று சொல்லிப் பைத்தியக்கார விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை அவர் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குமாம். பெருந்தீனிக்காரப் பிள்ளைகள் என்று காவல்காரி முகம் சுளித்தாளாம். டாக்டரம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர், பிள்ளைகள் தொட்டுத் தூக்கி உருட்டிப் பார்க்க ஒரு சாமான் கிடையாது. இந்தப் பசி வயிற்றில் இல்லை, விரல்களில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. அவருடைய சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்பது என் கருத்து.

சான் லொரென்சோவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கட்டையில் செதுக்கிய குழிகளில் மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், எடுத்துக் கலைப்பாள், மறுபடியும் பொருத்துவாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார் அம்மையார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள்போல் முகம் மலர நிறுத்தினாள். நம் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்க்கிறது. "எத்தனை தடவைடி?" என்று கேட்டுப் பிடுங்கி வைக்கிறோம். எத்தனை தடவை என்று உண்மையிலேயே எண்ணிப் பார்த்தவர் அந்த அம்மையார்.

உப்புத்தாளில் எழுத்துக்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். நாலைந்து வயதுப் பிள்ளைகள், எழுதச் சொல்லிக் கொடுக்காமலே ஒருநாள் தாமாக எழுதத் தொடங்கின. இது நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர்கள் மணலில் விரல் தேய எழுதியவர்கள் அல்லவா? அந்த மணலும் ஒருமுறை கடல் கடந்திருக்கிறது. 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். விடுதி உபாத்தியாயர்கள் ஒத்துழைக்காமல் போகவே, ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. ரோமாபுரியிலே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். எழும்பூரிலே அநாதைப் பிள்ளைகள். குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் கற்ற பாடங்களை நடத்தியவர்கள், யாரும் பொருட்படுத்தாத இந்தப் பிள்ளைகள்தாம்.

1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சங்கத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 69. ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. முன்னூறு ஆசிரியர்கள் வரை கூடினார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். உடன் வந்திருந்த மாரியோ இங்கிலீஷில் சொல்லுவார். சில மாதங்கள் தங்கிப் போக வந்தவரை யுத்தம் நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், அவர் பகை நாட்டுப் பிரஜையாகிவிட்டார். மாரியோவை அகமத்நகர் முகாமில் கொண்டு போய் அடைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்யத் துணியாத சம்பவம் ஒன்று உண்டு. மாரியோ அம்மையாரின் சொந்த மகன். மணமாகாத நிலையில் 1898-இல் பிறந்தவர். அவரைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர விட்டிருந்தார் அம்மையார். பின்னாளில் கூட அழைத்துக்கொண்டபோதும், உலகத்துக்கு மருமகன் முறையென்றும் வளர்ப்பு மகனென்றும் சொல்லி வந்தார். ஊரார் பிள்ளைகளின் மனமெல்லாம் அறிந்தவர், தம் பிள்ளையை மகனே என்று நாலு பேர் முன் அழைக்க முடியாதிருந்தார். 1940 ஆகஸ்டு 31-ஆம் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக அவர் மகனை விடுவிப்பதாக வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. அந்தத் தந்தியில் மாரியோ 'மகன்' என்றே குறிக்கப்பட்டிருந்தார். உலகம் மறைக்கச் சொன்ன உறவைச் சர்க்கார் காகிதம் ஒன்று ஒப்புக்கொண்டது நம் அடையாற்றில்தான்.

1942 முதல் இரண்டு வருஷம் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளைச் செடிகொடிகளோடும் பூச்சி புழுக்களோடும் பழக விட்டுப் பார்த்தார். இந்தியச் சொற்பொழிவுகளிலிருந்து உருவான அவருடைய நூலொன்று 1949-இல் அடையாற்றிலே அச்சேறியது. ஆறு வயது வரையில் குழந்தையின் மனம், உலர்ந்த பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் சுற்றியுள்ளதை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். எங்கள் எதிர்வீட்டில் மூன்று வயதுப் பொடியன் ஒருவன், பாட்டியிடம் தெலுங்கும் அம்மாவிடம் தமிழும் கீழ்வீட்டுத் தோழனிடம் உருதும் பேசுகிறான். இலக்கணம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வசவு வார்த்தைகளையும் அவன் அதே வேகத்தில் பிடித்துக்கொள்கிறான் என்பதுதான் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

அம்மையார் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுகிறவன் அல்ல. சின்னக் குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதைகள் வேண்டாம் என்றார் அவர். நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பாட்டிகள் இதை ஒப்ப மாட்டார்கள். கதை எழுதிப் பிழைக்கும் நானும் ஒப்ப மாட்டேன். தீப்பெட்டியை ரயிலாக ஓட்டும் பாவனை விளையாட்டு மன வளர்ச்சிக்கு அவசியம் என்று பிற்கால மனோதத்துவ நிபுணர்கள் பலரும் பாட்டிகளின் கட்சியிலே சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் பெரிய கேள்வி இதுவன்று. 1931 அக்டோபரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள், மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசினார். வசதி படைத்தவர் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்ற தம் ஆசையை அங்கே வெளியிட்டார். நடந்தது என்ன? ஏழைப் பேட்டையில் பிறந்த முறையின் பெயர், அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பலகைகளில் ஏறிக்கொண்டது. பெயரை மாட்டிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பலகையில் மாண்டிசோரி, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் என்பதும் நாம் காணாததல்ல.

ஏழைப் பிள்ளைக்கு வாய்த்தது பால்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் அங்கன்வாடிகள் வந்தன. 1982 ஜூலை முதல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவு வந்தது. வயிற்றுப் பசிக்கு நம் ராஜ்யம் செய்திருப்பதைப் பெருமையோடு சொல்லலாம். இப்போது தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமும் உண்டு. பாரதி பெயர் கொண்ட பேட்டைக்காரனான எனக்கு அந்தப் பெயரைக் கேட்கவே சந்தோஷம். ஆனால் சமையல், எடை, தடுப்பூசிக் கணக்கு, பதிவேடு எல்லாவற்றையும் ஓர் ஆயாவை உதவிக்கு வைத்துக்கொண்டு சமாளிக்கிற ஆசிரியை, எந்தப் பிள்ளை எதை எத்தனை தடவை செய்கிறது என்று எப்போது எண்ணுவாள்? அந்த அவகாசத்தை அவளுக்குக் கொடுப்பதற்குப் பெரிய மேதை வர வேண்டியதில்லை. இன்னொரு ஆளைப் போட்டால் போதும். சான் லொரென்சோ கம்பெனிக்காரர்கள் கணக்குப் பார்த்தே அதைச் செய்தார்கள்.

பெற்றோருக்கோ அந்தச் செலவும் இல்லை. கரித்துண்டும் கையுமாக நிற்கும் பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன், என்ன வரைந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். விரலுக்குப் பசித்திருக்கிறது. ஒரு பலகையையோ பழைய காலண்டரின் பின்பக்கத்தையோ எடுத்துக் கொடுத்தால், சுவரும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும்.